முதலில் யாருக்கு

விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் சோதனைப் பட்டையில் இரண்டாவது கோட்டை மெல்ல வரைந்தபோது கத்தரீனாள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மூணாறுக்கு மேலே, எஸ்டேட்டை ஒட்டிய சின்னச் சுகாதார மையத்தில் அவள் நர்ஸ். கர்ப்பமாக வரும் பெண்களுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைதான் அது. சர்க்கரை, ரத்தசோகை, மஞ்சள்காமாலை, அதோடு எச்.ஐ.வி. இத்தனை வருஷத்தில் எச்.ஐ.வி. பட்டையில், கிருமி இல்லை என்று காட்டும் ஒற்றைக் கோட்டைத் தவிர வேறெதையும் அவள் பார்த்ததில்லை.

எதிரே பெஞ்சில் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். நாலு மாசம். மூணாறில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை. வாந்தி நின்றுவிட்டதாகவும் பழைய சோறும் மோரும்தான் நாக்குக்குப் பிடிப்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தவள், பேச்சை நிறுத்தி, "என்னக்கா, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு டெஸ்ட்டு மட்டும் தெளிவா இல்ல. தாலுக்கா ஆசுபத்திரில மறுவாட்டி பாத்துருவோம். நானும் கூட வாரேன்."

பொய்யில்லை. ஒரு பட்டையை வைத்து யாருக்கும் எதையும் சொல்லிவிடக் கூடாது. வேறு வேறு முறையில் செய்த சோதனைகள் ஒத்துவந்தால்தான் முடிவு. ஆனாலும் ஆர்த்தி குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய் மறையும்வரை கத்தரீனாள் வாசலிலேயே நின்றாள். ஆர்த்தியின் மாமியார் மாரித்தாயும் கத்தரீனாளின் அம்மாவும் ஒரே மலையில் தேயிலைக் கொளுந்து கிள்ளியவர்கள். சில வருஷம் முன்னால் நடந்த ஆர்த்தியின் கல்யாணத்தில் கத்தரீனாளும் அவள் வீட்டுக்காரர் சூசையப்பனும் பந்தியில் பரிமாறியிருந்தார்கள்.

தாலுக்கா ஆசுபத்திரியில் எல்லாச் சோதனையும் ஒத்துவந்தது.

கவுன்சிலர் மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து, அவசரமில்லாமல் சொன்னார். ஆர்த்தி அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பிள்ளைக்கு வருமா?"

"நீ மாத்திரைய விடாமச் சாப்பிட்டா, பிள்ளைக்கு வராம பாத்துக்க முடியும்" என்றாள் கத்தரீனாள். "தெனம் ஒண்ணுதான். பொறந்த பிறகு பிள்ளைக்கும் கொஞ்ச நாள் மருந்து ஊத்தணும். வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா வர்றதுக்கு ரொம்ப ரொம்பக் கம்மி."

"அப்ப மாத்திரைய இன்னைக்கே குடுங்க."

அன்றே ஆரம்பித்தார்கள்.

அடுத்து புருஷன். ஈஸ்வரன் ஜீப் ஓட்டுகிறவன். சுற்றுலா வந்தவர்களைத் தேயிலைக் காட்டுக்குள் ஏற்றிப் போய்க் காட்டிவிட்டு வருவான். கத்தரீனாள் போன் செய்ததும் ஆசுபத்திரிக்கு வந்துவிட்டான். ஆர்த்திதான் முதலில் அவனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா" என்று அவளை கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு கவுன்சிலர் அறைக்குள் வந்து உட்கார்ந்தான். லேப்காரர் கையை நீட்டச் சொன்னபோது சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"எனக்கு எடுக்க வேண்டாம்க்கா. எனக்குத் தெரியும்."

கவுன்சிலர் லேப்காரரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் காய்கறி லாரியில் இருந்தான். அந்த நாளில் உடம்பு மெலிந்து, இருமல் விடாமல் போய், தேனியில் ஆசுபத்திரியில் காட்டியபோது தெரிந்தது. மூணாறில் மருந்து வாங்கினால் ஊருக்கே தெரியும் என்று, மாசாமாசம் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போய் வாங்கினான். வீட்டில் ஜீப்புக்கு சாமான் வாங்கப் போவதாகச் சொல்லுவான். உடம்பு தேறியது. ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டரே சொன்னார். அப்புறம் அம்மா வட்டவடை கிராமத்தில் பெண் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று பரிசம் போட்ட அன்றைக்கு நினைத்தான். தாலி கட்டுகிற வரைக்கும் நினைத்தான்.

"அப்புறம்?" என்றாள் கத்தரீனாள்.

"எஸ்டேட்டுல வரிசையாக் கட்டுன லயத்து வீடு உங்களுக்குத் தெரியாதாக்கா? ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. மூணு பேரு. எங்க ஒளிச்சு வைக்க? ஜீப்புல டூல் பெட்டில வச்சிப் பாத்தேன். ஒருநா அவ தொடைக்கத் துணி எடுக்க அதத் தொறக்கப் போனா. எனக்கு உசிரே போயிருச்சு. அதோட விட்டுட்டேன். தேனிக்கும் போகல. உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே, சரியாப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டேன்."

அவன் மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தால் ஆர்த்திக்கு வந்திருக்காது. கிருமி அந்த அளவுக்கு அடங்கியிருந்தால் கூடப் படுக்கிறவளுக்குத் தொற்றாது. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நிறுத்தினான். நிறுத்தியதால்தான் அவளுக்கு வந்தது. கவுன்சிலர் இதை அவனுக்கு மெதுவாக, ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு நெற்றியை மேசைமேல் வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அவகிட்ட நானே சொல்லுதேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. நீங்க சொல்லிறாதீங்க."

சொல்லச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால், சில கட்டுப்பாடுகளோடு டாக்டரோ கவுன்சிலரோ அந்த இன்னொருவரிடம் சொல்லலாம். ஆர்த்திக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. இனி அவளைக் காப்பாற்ற என்ற சாக்கில் அவன் ரகசியத்தை யாரும் உடைக்க வழியில்லை.

ஈஸ்வரன் ஆர்த்தியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆர்த்திக்கு ஒளிக்கத் தெரியாது. மாமியாரோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு தினமும் யாருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. புருஷனும் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே மாரித்தாயிடம் சொல்லிவிட்டாள்.

மாரித்தாய் உடனே ஆள் விட்டுக் கத்தரீனாளை வரச் சொன்னாள்.

லயத்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஆர்த்தி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். ஈஸ்வரன் கட்டிலில். மாரித்தாய் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ கத்தரீனு, இவ சொல்றது நெசமா?"

"நெசந்தான் பெரியம்மா. மொதல்ல உக்காருங்க."

"உக்காரவா? ரிசார்ட்டு வேலைக்கு வேணாம், கொளுந்துக்குப் போன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? எவன் எவனோ வந்து தங்குற எடம். அங்க போயி வாங்கிட்டு வந்து என் வீட்டுல எறக்கிட்டா."

"அத்த, நான் ரூம்பு கூட்டத்தான் போனேன்" என்றாள் ஆர்த்தி. குரல் நடுங்கவில்லை. "நான் எந்தத் தப்பும் பண்ணல."

"பெறகு வானத்துலருந்து குதிச்சுச்சா?" மாரித்தாய் திரும்பினாள். "எம் பிள்ளைக்கு டெஸ்ட்டு எடுத்தீகளா இல்லையா? அவனுக்கு இருக்கா?"

பக்கத்து வீட்டில் டீவி ஓடிக்கொண்டிருந்தது.

"அத நான் சொல்லக் கூடாது பெரியம்மா. அவன்ட்டத்தான் கேக்கணும்."

மாரித்தாய் மகன் முகத்தைப் பார்த்தாள். கோபமெல்லாம் வடிந்து, பயம் மட்டும் மிஞ்சிய பார்வை அது. "ஏய்யா, உனக்கு ஒண்ணும் இல்லையேய்யா?"

ஈஸ்வரன் அம்மாவைப் பார்த்தான். பொண்டாட்டியைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

அவன் கண் தப்பித்தவறிக்கூட கத்தரீனாள் பக்கம் வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே நின்ற பெண்ணின் மானம் திரும்பிவிடும். சொன்னால் வேலை போகும் என்ற பயம் மட்டுமில்லை. ஒருத்தன் ரகசியத்தை நர்ஸே லயத்து வாசலில் போட்டு உடைத்தாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் இந்த மலையில் எவரும் விரலை நீட்டிச் சோதனைக்கு வரமாட்டார்கள். நோயோடு வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள்.

"எங்கருந்து வந்துச்சின்னு இந்த டெஸ்ட்டுல தெரியாது பெரியம்மா" என்றாள். சொன்னது சரிதான். சொன்ன வாய் கசந்தது.

ஆர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஆர்த்திக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அடுத்த வாரம் அண்ணன் செல்லத்துரை வந்து அவளை வட்டவடைக்குக் கூட்டிப் போனான். அவள் பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டது ஈஸ்வரன்தான்.

கத்தரீனாள் ஈஸ்வரனை ஜீப் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தாள். மற்ற டிரைவர்களை விட்டுத் தள்ளி, யூகலிப்டஸ் மரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"வாயும் வயிறுமா இருக்கவ மேல பழியப் போட்டு அனுப்பிட்டியே, நீயெல்லாம் மனுசனாடா?"

"சொன்னா எங்கம்மா உசிர விட்டுரும்க்கா. அப்பாவும் இல்ல. என்னை நம்பித்தான் இருக்கு."

"சரி, அது கெடக்கட்டும். மாத்திரை எடுக்கியா?"

அவன் ஜீப் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எடுக்கலையா? நீ செத்துப் போவடா. வெளையாட்டு இல்ல இது. எத்தன வருசமா விட்டிருக்க!"

"எப்படிக்கா எடுக்க? எனக்கு இல்லைன்னு சொல்லிட்டனே. இப்ப மாத்திரையோட பாத்தா என்ன சொல்லுவேன்?"

கத்தரீனாள் ஒரு வழி சொன்னாள். மாத்திரை டப்பா சுகாதார சென்டரில் அவளிடமே இருக்கட்டும். தினமும் சவாரிக்குப் போகிற வழியில் வந்து, அவள் முன்னால் ஒன்றை விழுங்கிவிட்டுப் போகட்டும். யாராவது கேட்டால் பிரஷர் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அவன் ஒத்துக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மருந்தும் வாங்கிவந்தான். சில நாள் ஒழுங்காக வந்தான். அப்புறம் ஸ்டாண்டில் எவனோ, "என்னடா, சிஸ்டரம்மாவத் தெனம் பாக்காம இருக்க முடியலையோ?" என்று கிண்டலடித்திருக்கிறான். மறுநாளிலிருந்து ஜீப் சென்டர் வாசலில் நிற்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் மாரித்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

லீவு கிடைத்த ஒரு நாளில் கத்தரீனாள் வட்டவடைக்குப் போனாள். செல்லத்துரை கெட்டவன் இல்லை. தங்கச்சியைத் துரத்தவும் மனசில்லை, வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. கேரட் மூட்டை அடுக்கும் கொட்டகையில் ஒரு பக்கம் தகரம் அடித்து இடம் கொடுத்திருந்தான். அவன் பெண்டாட்டி சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போவாள்.

கத்தரீனாள் அவர்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னாள். சேர்ந்து சாப்பிட்டால் வராது, ஒரே கக்கூஸில் போனால் வராது, கொசு கடித்து வராது, பிள்ளைகளை அவள் தூக்கினால் வராது. சொன்னதோடு நிற்காமல், ஆர்த்தி பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்து மீதிச் சாயாவை அவர்கள் கண் முன்னால் குடித்தாள். செல்லத்துரை தலையாட்டினான். அவன் பெண்டாட்டியும் தலையாட்டினாள். கிளம்பும்போது பார்த்தால், வந்ததும் கத்தரீனாளுக்குத் தண்ணீர் கொடுத்த செம்பையும் கொட்டகை வாசலில் ஆர்த்தியின் தட்டோடு கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது ஆர்த்தி கூடவே வந்து நின்றாள். கீழே தட்டுத் தட்டாக இறங்கிய வயல்களில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீங்க யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். பொதுவா ஒண்ணு கேக்கேன். ஒருத்தருக்கு இது இருக்கு. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுதாரு. அப்ப அவரு பொண்டாட்டிக்கு வருமா?"

"கிருமி அடங்கியிருந்தா வராது."

"நடுவுல விட்டுட்டா?"

"வரும்."

ஆர்த்தி கீழே வயல்களைப் பார்த்தாள். "பேசி முடிச்ச சமயத்துல அவரு மாசாமாசம் தேனிக்குப் போவாரு. ஜீப்புக்கு சாமான் வாங்கணும்பாரு. எனக்கு வளையல், முறுக்கெல்லாம் வாங்கிட்டு வந்து தருவாரு. கல்யாணத்துக்குப் பெறகு போகவே இல்ல. ஏன் போறதில்லைன்னு நான்கூடக் கேட்டேன். இனி அங்க வேலையில்லைன்னாரு."

கத்தரீனாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரிக்கா. ஜீப்பு வருது" என்றாள் ஆர்த்தி.

அவள் ஒரு நாளும் மாத்திரையை விடவில்லை. கொட்டகைக்குள் குளிர் எலும்பைத் துளைத்த நாட்களிலும், சோறு ஆறிப்போய் வந்த நாட்களிலும் விடவில்லை. பேறுகாலத்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருந்தது. தாலுக்கா ஆசுபத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் கொடுக்கலாமா என்று பயந்தவளிடம், நீ மாத்திரையை விடாதவரைக்கும் கொடு, வேறு எதையும் கலக்காதே என்று டாக்டர் சொன்னார். குழந்தைக்குத் தினமும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். ஈஸ்வரன் வந்து பார்க்கவில்லை. அவன் போனிலிருந்து ஒரு தடவை அழைப்பு வந்தது, இவள் எடுத்ததும் கட்டாகிவிட்டது என்று ஆர்த்தி சொன்னாள்.

அவனால் வந்திருக்க முடியாது. அதற்குள் தலைவலி ஆரம்பித்துவிட்டிருந்தது.

முதலில் வெயிலில் ஜீப் ஓட்டியதால் வந்தது என்றான். மாரித்தாய் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு வாந்தி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கழுத்து விறைத்து, கண் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சை. எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன உடம்பில்தான் அது இப்படிக் கூடாரம் போடும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்தில் அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

கத்தரீனாள் பார்க்கப் போனபோது வார்டில் மத்தியான வெளிச்சம். ஈஸ்வரன் பாதியாகிவிட்டிருந்தான். மாரித்தாய் ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கத்தரீனு, எம் பிள்ளைய என்ன செஞ்சிட்டா பாத்தியா? ஒண்ணும் இல்லாத பிள்ளைக்கு அவ நோயக் குடுத்து இப்படிக் கெடத்திட்டாளே."

ஈஸ்வரன் கண்ணைத் திறந்தான். கத்தரீனாளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அம்மா. அவ இல்ல."

"என்னய்யா?"

"எனக்குத்தான் மொதல்ல. லாரில போகையிலேயே. மாத்திரை சாப்பிட்டேன்... விட்டுட்டேன். என்னாலதான் அவளுக்கு." ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "அவ ஒண்ணும் பண்ணல."

மாரித்தாயின் கை அப்படியே நின்றது. கத்தரீனாள் குனிந்து, "ஈஸ்வரா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அவன் தலையை அசைத்தான்.

"அவன் சொல்றது நெசம் பெரியம்மா. அன்னைக்கே எங்ககிட்ட சொன்னான்."

மாரித்தாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியை மறுபடியும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள்.

"மூளைல காய்ச்சல்னு டாக்டரு சொன்னாருல்ல. பெனாத்துதான்" என்றாள். "அவ மேல அம்புட்டு ஆச வச்சிருந்தான். பழிய இவன் தலைல தூக்கிப் போட்டுக்கிடுதான். நீ அதுக்கு ஒத்து ஊதாத. உனக்கும் அவளுக்கும் ஒட்டு உறவுன்னு எனக்குத் தெரியும்."

"பெரியம்மா..."

"போதும். எம் பிள்ளையத் தூங்க விடு."

ஈஸ்வரன் வாயைத் திறந்தான். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மாரித்தாய் அதையும் துடைத்துவிட்டாள். அதன் பிறகு அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று சொன்னார்கள். அந்த வாரத்துக்குள் போய்விட்டான்.

கொள்ளி வைத்த அன்றைக்கு செல்லத்துரை மட்டும் வந்து தூரத்தில் நின்றுவிட்டுப் போனான். ஆர்த்திக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. லயத்தில் எல்லாரும் ஒரே கதையைப் பேசினார்கள். ரிசார்ட்டுக்காரி கொன்றுவிட்டாள் என்று. சாகும்போதுகூட அவளை விட்டுக் கொடுக்காமல் பேசினானாம், அப்பேர்ப்பட்ட பிள்ளை என்று.

குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுத்து அனுப்பிய ரத்தத்தின் முடிவு, சாவு கழிந்து கொஞ்ச நாளில் வந்தது. கிருமி இல்லை. ஒன்றரை வயது வரை இன்னும் சில தடவை பார்க்க வேண்டும். ஆனாலும் இது நல்ல செய்திதான். கத்தரீனாள் போனில் சொல்ல விரும்பாமல் நேரில் புறப்பட்டாள். ஜீப் ஏறுகிற இடத்தில் மாரித்தாய் எதிரே வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளைக்கு இருக்கா?" என்றாள்.

"அத அவட்டத்தான் கேக்கணும் பெரியம்மா."

"ஈஸ்வரன் சாடையா?"

கத்தரீனாள் கையை விடுவித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். குழந்தையின் நெற்றியும் காதும் அப்படியே அவன்தான்.

கொட்டகையில் ஆர்த்தி முடிவைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுததைக் கத்தரீனாள் பார்த்தது அன்றைக்குத்தான். அழுது முடித்து முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு கடைசில ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னான். தனக்குத்தான் மொதல்லன்னு, அவுங்க அம்மாகிட்டயே சொன்னான்."

"அவுங்க நம்பல."

"நம்பல."

ஆர்த்தி குழந்தையை மாற்றிப் படுக்கவைத்துப் பால் கொடுத்தாள். மாரித்தாய் வழியில் கேட்டதையும் கத்தரீனாள் சொன்னாள். என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டாள்.

"எம் பிள்ள ரத்தத்துல என்ன இருக்குன்னு கேட்டுட்டு வர வேண்டாம்க்கா. பிள்ளையப் பாக்கணும்னா வரட்டும். இருந்தாலும் இல்லாட்டாலும் தூக்குவேன்னு நெனச்சா வரட்டும். நான் தடுக்க மாட்டேன். ரிசல்ட்ட மட்டும் சொல்லாதீங்க."

கத்தரீனாள் திரும்பிவந்து மறுநாள் காலை, கொளுந்துக்குக் கிளம்பி நின்ற மாரித்தாயிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அதைச் சொன்னாள். மாரித்தாய் இடுப்பில் சாக்கை இறுக்கிக் கட்டினாள். பிறகு மற்ற பெண்களோடு சேர்ந்து சரிவில் இறங்கிப் போனாள்.

இன்றுவரை அவள் வட்டவடைக்குப் போகவில்லை.